தேசத்தின் காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கிய கதை

இனி வரும் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யலாம். ஆனால் என் தலை வழுக்கை, சத்தியம் வழுக்கி விழுந்துவிடும். வாயில் மிச்சமிருப்பவை மூன்று பற்கள். அந்த மூன்றின் மேலும் ஆணை. கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நடுவில் எங்காவது நம்ப முடியாமல் போனால் அது உண்மையின் குற்றமே தவிர என் குற்றம் அல்ல.

ஒரு தெர்மாமீட்டர் பட்டறையில் அளவுக்காரர் என்று ஒருவர் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். பட்டறையில் கண்ணாடிக் குழாயை ஊதுகிறவர் வேறு, அதில் பாதரசம் ஏற்றுகிறவர் வேறு. எல்லாம் முடிந்து கடைசியில் குழாய்கள் வந்து நிற்பது அளவுக்காரரிடம்தான். கோடு இல்லாத குழாய்க்குக் காய்ச்சல் தெரியும், சொல்லத் தெரியாது. அந்த ஊமைக்கு வாய் வைக்கிற வேலை அவருடையது.

அவர் முன்னால் ஒரு வெந்நீர்த் தொட்டி. தொட்டியின் நடுவில் முழ நீளத்துக்கு ஒரு பெரிய தெர்மாமீட்டர். அதற்குத் தாய் என்று பெயர். தாயின் கோடுகள் முன்பக்கக் கண்ணாடியில் இருக்கும். பாதரசம் சற்றுப் பின்னால் ஓடும். தாய் தொண்ணூற்றாறு என்று சொல்லும்போது சுற்றி நிற்கும் குழாய்களில் ஒரு புள்ளி, நூற்றாறு என்று சொல்லும்போது இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் நடுவே பத்தாகவும், அந்த ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகவும் பிரித்து, மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் முக்கி, கறுப்பு மையைத் தேய்த்தால் குழாய் பேச ஆரம்பித்துவிடும். இருபத்தாறு வருடம் இதையே செய்தார். ஒரு குழாய்கூடப் பொய் சொன்னதில்லை. அளவுக்காரரும் சொன்னதில்லை. அதற்கு முக்கியக் காரணம் அவர் அதிகம் பேசாததுதான் என்று பட்டறையில் சொல்வார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அவருடைய ஸ்டூல் ஆட ஆரம்பித்தது.

தச்சரைக் கூப்பிட்டார்கள். தச்சர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலைப் பார்த்தார்.

"ஒரு கால் நீளம் சார். ரெண்டு நிமிஷ வேலை."

அந்தக் காலை அறுத்தார். இப்போது எதிர்க்கால் நீளமாகிவிட்டது. அதையும் அறுத்தார். மூன்றாவது கால் கோபித்துக்கொண்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, ரம்பம் நான்கு கால்களையும் ஆறு சுற்று வலம்வந்து முடித்தபோது ஸ்டூல் நான்கு விரற்கடை குள்ளமாகியிருந்தது.

"இப்ப பாருங்க. மலை மாதிரி நிக்கும்" என்றார் தச்சர்.

"மலை கொஞ்சம் குட்டையா இருக்கே."

"நீங்க கொஞ்சம் நிமிந்து உக்காருங்க சார். ஸ்டூலையே குத்தம் சொன்னா எப்படி?"

அளவுக்காரர் இரண்டு நாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் முதுகு தன் பழைய இடத்துக்குப் போய்விட்டது. கண் நான்கு விரற்கடை கீழே இறங்கியது. கீழேயிருந்து பார்த்தால், பின்னால் ஓடுகிற பாதரசம் முன்பக்கக் கோட்டில் ஒரு டிகிரி தாழ்ந்து தெரியும். தொட்டியில் தொண்ணூற்றேழு இருக்கும். அவர் கண்ணுக்குத் தொண்ணூற்றாறு. அந்தக் கணக்கில் அறுநூறு குழாய்களுக்குக் கோடு போட்டார். அறுநூறும் பன்னிரண்டு பெட்டிகளில் ஏறிக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போயின. அவை உண்மையை ஒரு டிகிரி குறைத்துச் சொல்லும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஸ்டூலுக்கு மட்டும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து அவருடைய தங்கையிடமிருந்து செய்தி வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல், உடனே ஆஸ்பத்திரிக்கு வா. தங்கைக்கு ஒரே பெண். நான்கு வயது. மாமா என்று கூப்பிட்டால் அதற்குப் பிறகு அளவுக்காரருக்கு வேறு வேலை ஓடாது.

ஆஸ்பத்திரியில் ஒரு விதி இருந்தது. நூற்றொன்று இருந்தால் கட்டில். அதற்குக் கீழே என்றால் கதவு. தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் நின்றிருந்தாள்.

"அண்ணா, கையை வெச்சுப் பாரு. அடுப்பு மாதிரி கொதிக்குது. நூறு புள்ளி நாலுதான்னு சொல்லி வீட்டுக்குப் போகச் சொல்றாங்க."

அளவுக்காரர் நர்ஸிடம் கெஞ்சி அந்தத் தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தார். அவர் போட்ட கோடு. ஒவ்வொரு பத்தாவது கோட்டையும் மயிரிழை நீட்டிவிடுவது அவர் வழக்கம். தன் கையெழுத்தைப் போல அதை அவருக்குத் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் பழைய தெர்மாமீட்டரை எடுத்தார். அதுவும் அவர் போட்ட கோடுதான், ஆனால் ஸ்டூல் உயரமாயிருந்த காலத்தது. குழந்தையின் அக்குளில் வைத்தார். நூற்றொன்று புள்ளி நான்கு.

வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு அவருடைய பழைய ஸ்டூலின் உயரம் இருந்தது. உட்கார்ந்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. எதிரே தாய்மார் ஒவ்வொருவராகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவு வழியே வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் பிடித்துத் தள்ளிக்கொண்டிருப்பது தன் கைதான் என்று அவருக்குத் தோன்றியது.

எழுந்து நர்ஸிடம் போனார். "சிஸ்டர், இது தப்பான தெர்மாமீட்டர். இதுல ஒண்ணு கூட்டிக்கணும்."

நர்ஸ் நல்ல பெண்மணிதான். ஆனால் பதினெட்டு வருடம் ரெஜிஸ்டர் எழுதியவர். "சார், உங்க தெர்மாமீட்டர் உங்க பாக்கெட்ல இருக்கு. எங்க தெர்மாமீட்டர் எங்க ரெஜிஸ்டர்ல இருக்கு. ரெஜிஸ்டர்ல இருக்கறதுதான் காய்ச்சல். மீதியெல்லாம் சூடு."

பட்டறைக்கு ஓடினார். முதலாளி கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"தப்பு உன்னுதுதான். ஒத்துக்கறேன். ஆனா தப்புன்னு சொல்ற அதிகாரம் உன்னுது இல்ல. என்னுதும் இல்ல. போன மாசம் சட்டம் வந்தாச்சு. தெர்மாமீட்டர், தராசு, முழக்கோல், எது சரி எது தப்புன்னு இனிமே தேசிய அறிவியல் அகாதமிதான் சொல்லணும்."

"அது எங்க இருக்கு?"

"இன்னும் இல்ல. தொடங்கிட்டு இருக்காங்க. நீ போய் வரிசையில நில்லு."

அகாதமி ஒரு பழைய சுங்கக் கிடங்கில் தொடங்கிக்கொண்டிருந்தது. வாசலில் மரத்தூள் பறந்தது. உள்ளே போனால் நம்முடைய அதே தச்சர். ஒரு பெரிய மண்டபத்தில் நாற்காலிகளின் நடுவே குந்தி உட்கார்ந்து ஒரு காலை அறுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். ஸ்டூல் ஆடலையே?"

"ஆடல" என்றார் அளவுக்காரர். "இதென்ன, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரமா இருக்கு?"

"இதுதான் சார் அகாதமியே. நாப்பது உறுப்பினர், நாப்பது நாற்காலி. தலைவருது தரையிலேர்ந்து இருபத்தெட்டு அங்குலம். அதுக்கப்புறம் ஆளுக்குக் கால் அங்குலம் இறங்கும். யாருக்கு மேல யாருன்னு முடிவு பண்ணவே எட்டு மாசம் ஆச்சு. நடுவுல ரெண்டு பேர் பேச்சுவார்த்தையை விட்டாங்க, ஒருத்தர் பல்லை விட்டார். நாற்காலி செய்ய எனக்குப் பத்து நாள்."

"நாப்பதாவது யாருக்கு?"

"அதுல உக்கார ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. யாரும் வரலேன்னா முப்பத்தொம்பதாவதுதானே கடைசி ஆயிடும்? அதனால அவரும் வரமாட்டேங்கறார். இப்படியே போனா தலைவர் மட்டும்தான் மிஞ்சுவார்."

தச்சர் பொய் சொல்லவில்லை. அகாதமிக்கு எல்லாம் இருந்தது. வாசலுக்குச் சின்னம் இருந்தது: திறந்த புத்தகம், அதன்மேல் தீவட்டி. புத்தகத்தின்மேல் தீயை வைத்தால் என்ன ஆகும் என்று எவரும் கேட்கவில்லை. வேதியியல் பிரிவு இன்னும் அமைக்கப்படவில்லை. உறுப்பினர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒருவர் நாட்டின் பறவைகள் எல்லாவற்றையும் தன் ஜன்னலிலிருந்தே வகைப்படுத்தியவர். இன்னொருவர் மழையைப் பற்றிப் பதினான்கு நூல்கள் எழுதியவர். தூறல் விழுந்தால் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். தலைவர் இளம் வயதில் ஒரு புதிய வாயுவைக் கண்டுபிடிக்க இருந்தவர். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

செயலாளர் அளவுக்காரரை மூன்று மணி நேரம் காக்கவைத்துவிட்டு உள்ளே அழைத்தார். அளவுக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஸ்டூல், தச்சர், கண், தாய், அறுநூறு குழாய்கள், தங்கையின் குழந்தை. வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை.

"தப்பு என்னுதுங்க. என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. அந்தக் குழாயை மட்டும் இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க."

செயலாளர் மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். சுகாதார அமைச்சகத்திலிருந்து வந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மூன்று வாரமாகக் காய்ச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை, கண்டுபிடித்துச் சொல்லவும் என்று எழுதியிருந்தது.

"பாதியா?" என்றார் செயலாளர். "மருந்து இல்லாம, ஊசி இல்லாம, டாக்டர் இல்லாம. உக்காருங்க. நீங்க ஏன் நிக்கறீங்க?"

"அய்யா, காய்ச்சல் குறையல. குழாய் குறைச்சுச் சொல்லுது."

"தம்பி, உங்களுக்குப் படிப்பு கம்மி, அதனால விளக்கிச் சொல்றேன். காய்ச்சல்னா என்ன? தெர்மாமீட்டர் சொல்றது. தெர்மாமீட்டர் குறைச்சுச் சொன்னா எது குறையுது?" செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அடுத்த வாரம் திறப்பு விழா. மண்டபம் தயார், அங்கி தயார், பேச்சு தயார். அறிவியல் மட்டும்தான் பாக்கி. அது தானா நடந்து என் அறைக்குள்ள வந்து நிக்குது."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறோம். இங்கே ஓணானே நடந்து போய், மன்னிப்புக் கேட்டு, மடியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை முழு அவை கூடியது. மண்டபத்தின் நடுவில் ஒரு கண்ணாடிக் குவளையில் வெந்நீர். அதில் அறுநூறில் ஒரு தெர்மாமீட்டர். கெஞ்சிக் கூட்டிவந்த கடைசிக்காரர் உட்பட முப்பத்தொன்பது உறுப்பினர்களும் அவரவர் நாற்காலியில் இருந்தபடியே அதைப் படித்தார்கள். தலைவர் நூற்று மூன்று என்றார். அவருக்கடுத்தவர் ஒரு மயிரிழை குறைத்துச் சொன்னார். நாற்காலி இறங்க இறங்கக் காய்ச்சலும் இறங்கிக்கொண்டே வந்தது. முப்பத்தொன்பதாமவர் தொண்ணூற்றொன்பதே கால் என்றார். காலியாக இருந்த கடைசி நாற்காலியில் அளவுக்காரரை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். அது அப்படியே அவருடைய குள்ள ஸ்டூலின் உயரம்.

"தொண்ணூத்தொம்பது" என்றார்.

மண் ஆராய்ச்சி செய்பவர் ஒருவர், கீழ் வரிசைக்காரர், செருப்பில் எப்போதும் கொஞ்சம் மண்ணோடு இருப்பவர், எழுந்து கேட்டார்: "எல்லாரும் ஒரே உயரத்துல நின்னு பாத்தா என்னங்க?"

"அப்படியானால் எட்டு மாதம் நாம் எதற்காகச் சண்டை போட்டோம்?" என்றார் தலைவர்.

மண்காரர் உட்கார்ந்துவிட்டார். தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"அறிஞர்களே! நாற்பது பேர் பார்த்தோம், நாற்பது விடை கிடைத்திருக்கிறது. பாமரர்கள் இதைக் குழப்பம் என்பார்கள். நாம் இதை வளம் என்கிறோம். அளவு என்பது பார்க்கும் பொருளைப் பொறுத்தது அல்ல, பார்க்கும் இடத்தைப் பொறுத்தது என்ற பேருண்மையை இன்று நம் மண்டபம் நிறுவியிருக்கிறது. மக்களின் காய்ச்சலை மக்களின் உயரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே அதற்கு நாற்பதாம் நாற்காலியே தேசிய அளவு. நம் காய்ச்சலை அவ்வளவு கீழே இறங்கிப் பார்ப்பது அறிவியலுக்கு அவமதிப்பு. எனவே உறுப்பினர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் காய்ச்சல் தலைவரின் உயரத்திலிருந்து பார்க்கப்படும். இது விதி ஏழு. ஆறு விதிகள் பின்னால் எழுதப்படும்."

கைதட்டல் எழுந்தது. ஏற்கெனவே ஒரு டிகிரி விழுங்குகிற குழாயை இனி கீழே குனிந்து வேறு பார்க்கப்போகிறார்கள். அளவுக்காரர் எழுந்தார்.

"அய்யா, குழந்தைங்க சாகும்."

"யாருடைய குழந்தைகள்?" என்று கேட்டார் தலைவர். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். உறுப்பினர்களின் குழந்தைகளோ என்று பயந்துவிட்டார்.

அவை கலைந்ததும் செயலாளர் அளவுக்காரரின் தோளில் கைபோட்டு ஒரு மூலைக்கு அழைத்துப்போனார்.

"தங்கச்சி பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"வீட்டுல கெடக்கு. நேத்து ராத்திரிலேர்ந்து தண்ணி கூட இறங்கல."

"தங்கச்சின்னா குடும்பம்தானே? அண்ணன் உறுப்பினர்னா விதி ஏழு தானா வந்துடும். தலைவர் உயரத்துலேர்ந்து பாத்தா பச்சத் தண்ணிக்கே நூத்தொண்ணு காட்டும். நாப்பதாவது நாற்காலி காலியாத்தான் கெடக்கு. உங்க கண்டுபிடிப்புக்கு அதுதான் மரியாதையும்கூட." ஒரு படிவத்தை நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து. கட்டில் இன்னிக்கே."

அளவுக்காரர் படிவத்தைப் படித்தார். 'நான் கண்டறிந்த தேசிய அளவு முற்றிலும் சரியானது என்று உறுதி கூறுகிறேன்' என்று ஒரு வரி. பேனாவை மூடினார். திறந்தார். குழந்தை மாமா என்று கூப்பிடுவது காதில் கேட்டது. வராந்தாவில் கண்ட மற்றக் குழந்தைகள் அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இருபத்தாறு வருடம் நேர்க்கோடு போட்ட கை, அன்றைக்குக் கோணலாக ஒரு கையெழுத்துப் போட்டது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் மளமளவென்று நடந்தது. நர்ஸ் தெர்மாமீட்டரைக் குழந்தையின் அக்குளில் வைத்து எடுத்து, சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்று, மேலேயிருந்து படித்தார்.

"நூத்தி மூணு. கட்டில் நம்பர் ஆறு."

மருந்து வந்தது, ஊசி வந்தது, டாக்டரே வந்தார். மூன்றாம் நாள் குழந்தை கண் திறந்து, "மாமா, உன் சட்டையில என்ன பளபளன்னு இருக்கு?" என்று கேட்டது. அகாதமியின் பதக்கம். எப்போதும் குத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று விதி. எட்டாவதோ ஒன்பதாவதோ.

தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணா, நீ போய்ச் சொன்னதும் அந்தக் குழாயெல்லாம் மாத்திட்டாங்களா?"

"ம்" என்றார்.

அந்த 'ம்' வாயிலிருந்து விழுந்த அதே நேரத்தில், பக்கத்தில் ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். நர்ஸ் தெர்மாமீட்டரை வைத்து எடுத்து அதே கொக்கியில் மாட்டினார். இந்த முறை நாற்காலியைத் தேடவில்லை. தரையில் முட்டி போட்டு, கழுத்தைச் சாய்த்து, கீழேயிருந்து படித்தார்.

"தொண்ணூத்தெட்டு. ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்குப் போ."

தங்கை நாற்காலியைப் பார்த்தாள். நர்ஸின் முட்டியைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அளவுக்காரருக்குப் பதில் சொல்ல ஒரு வழி இருந்திருக்கும்.

அந்தத் தாய்க்குப் பதக்கம் கண்ணில் பட்டது. நேராக அவரிடம் வந்தாள்.

"அய்யா, நீங்க பெரிய எடத்து ஆளு மாதிரி தெரியுது. நீங்களே கொஞ்சம் கையை வெச்சுப் பாருங்க. நான் பொய் சொல்லல."

கையை வைத்தார். குழந்தையின் நெற்றி சுட்டது. சட்டைப் பையில் பழைய தெர்மாமீட்டர் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. எடுத்து வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அது தெரிந்தால் கையெழுத்து என்ன ஆகும், கையெழுத்துப் போனால் ஆறாம் நம்பர் கட்டில் என்ன ஆகும் என்று நினைத்தார். நினைக்க நினைக்க அவருடைய இடது கை தானாக மேலே போய்ப் பையை மூடிக்கொண்டது.

"கொஞ்சம் சூடுதாம்மா" என்றார். "ரெஜிஸ்டர்ல என்ன போட்டிருக்கோ அதுதான்."

"அப்ப நான்தான் பயந்துட்டேன்போல" என்றாள் அவள். அவரை நம்பினாள். நம்பிக்கொண்டே கதவு வழியாக வெளியே போனாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது குறுகுறுப்பதோடு நிற்கவில்லை. அன்று முதல் அவரால் எந்த நாற்காலியிலும் உட்கார முடியவில்லை. வீட்டிலும் நின்றுகொண்டே சாப்பிட்டார். மனைவி, "உறுப்பினர் ஆனா உக்காரக்கூடாதுன்னு விதியா?" என்று கேட்டாள். தங்கை குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகு அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. குழந்தை தேறிவிட்டது என்று மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது.

திறப்பு விழா வந்தது. மண்டபம் நிறையக் கூட்டம். வாசலிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பட்டறையிலிருந்து கொண்டுவரப்பட்ட குள்ள ஸ்டூல். கீழே 'தேசிய அளவு' என்று செதுக்கியிருந்தது. பக்கத்தில் தச்சர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். நாட்டிலுள்ள எல்லா ஆஸ்பத்திரி ஸ்டூல்களையும் அந்த உயரத்துக்கு அறுக்கும் வேலை அவருக்குத்தான் கிடைத்திருந்தது.

"கண்ணாடிக்குள்ள வெச்சும் லேசா ஆடுது சார்" என்று அளவுக்காரரின் காதில் சொன்னார். "சொல்லிடாதீங்க."

அமைச்சர் பேசினார்.

"நமக்கு எதற்கு ஒரு அறிவியல் அகாதமி என்று சிலர் கேட்டார்கள். அரசாங்கம் என்ன நினைக்கிறது என்பதை அரசாங்கத்துக்கு எடுத்துச் சொல்ல ஒரு நடுநிலையான அமைப்பு வேண்டாமா? என் முன்னோடிகள் ஆஸ்பத்திரிகளைக் கட்டினார்கள், காய்ச்சல் குறையவில்லை. நான் அகாதமியைக் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் குறைந்துவிட்டது. இதே வேகத்தில் போனால் அடுத்த ஆண்டு நம் நாட்டில் உடம்பு சில்லிடாதவரே இருக்கமாட்டார்கள் என்று உறுதி கூறுகிறேன்."

கூட்டம் கைதட்டியது. பிறகு தலைவர், நாற்பதாம் உறுப்பினரை நான்கு சொல் பேச அழைத்தார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அளவுக்காரர் எழுந்தார். மேடைக்குப் போய், பதக்கத்தைக் கழற்றி, அமைச்சரின் தண்ணீர்க் குவளைக்குள் போட்டார். அது விழுந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

"நான் எதையும் கண்டுபிடிக்கல" என்றார். "ஒரு ஸ்டூல் ஆடிச்சு. தச்சர் அறுத்தார். என் கண்ணு கீழ போச்சு. அறுநூறு குழாயில பொய்க் கோடு போட்டேன். அது தெரிஞ்சும் ஒரு கட்டிலுக்காகக் கையெழுத்தும் போட்டேன். ஒரு அம்மா என்னை நம்பிப் புள்ளையைத் தூக்கிட்டுப் போனா. அறுநூறையும் ஒடைங்க. முதல்ல அதைச் செய்யுங்க. அப்புறம் என்னை என்ன வேணா செய்யுங்க."

முதலில் எழுந்தவர் மண்காரர். தன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து முப்பத்தெட்டாமவர், அவரைப் பார்த்து இன்னொருவர். இறங்கி இறங்கிக் கடைசியில் தலைவரே இருபத்தெட்டு அங்குலத்திலிருந்து தட்டுத்தடுமாறி இறங்கி, தரையில் எல்லோருக்கும் சமமாக உட்கார்ந்து, "இங்கிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறதே" என்றார். அமைச்சர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அன்று மாலையே நர்ஸ் தன் கையால் பன்னிரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் காலி செய்தார். உடைந்த குழாய்களின் பாதரசம் முத்து முத்தாகத் தொட்டிக்குள் உருண்டது. ஊர் முழுக்க ஆளனுப்பிக் குழந்தைகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்தத் தாயும் வந்தாள். அவள் குழந்தைக்கு ஏழாம் நம்பர் கட்டில். ஆறாம் நம்பருக்குப் பக்கத்துக் கட்டில். தங்கை அண்ணனைத் தேடிவந்து, கையைப் பிடித்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு அண்ணா" என்றாள். அவர் உட்கார்ந்தார்.

விழாவின் ஒலிநாடா அகாதமியின் நூலகத்தில் இருக்கிறது, அதில் நாற்பதாம் உறுப்பினரின் உரை நான்கு சொற்கள்: "எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி."